ஓரணாவுக்கு ஒரு சினிமா

இடைவேளை விளக்கு எரிந்ததும் கொட்டகைக்குள் முதலில் கேட்கும் குரல் சோடா கலர்க்காரருடையது. அடுத்தது முறுக்கு. மூன்றாவதாக ஒரு பையன் வருவான், இடது கையில் அடுக்கிய தாள் கட்டு, வலது கையில் ஒன்றை மட்டும் உயர்த்திப் பிடித்தபடி, “பாட்டு புஸ்தகம்... பாட்டு புஸ்தகம்...” என்று வரிசை வரிசையாக நடப்பான். சோடா குடித்ததும் தீர்ந்தது. முறுக்கு படம் விடுவதற்குள் காலி. அவனிடம் வாங்கியது மட்டும் மடியிலோ சட்டைப்பையிலோ வீடு வரைக்கும் போகும். போய், சாமி மாடத்தில் பஞ்சாங்கத்துக்கு அடியில் வருஷக்கணக்கில் கிடக்கும்.

சினிமாவைக் கையால் தொட முடியாத காலம் அது. படப்பெட்டி அடுத்த ஊருக்கு வண்டியேறிவிட்டால் அந்தப் படம் போனதுதான். மறுபடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கிராமபோன் பெட்டி வசதிக்காரர் வீட்டில் இருந்தது, ரேடியோ பஞ்சாயத்துக் கட்டடத்தில் இருந்தது. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த ஒருவர், அந்தப் படத்தில் தன் பங்காக எடுத்துக்கொண்டு போக முடிந்தது நாலு பக்கமோ எட்டுப் பக்கமோ உள்ள ஒரு சாணித்தாள் புத்தகம்தான். 1930களில் தொடங்கி 1980கள் தாண்டியும் தமிழ்நாட்டில் பாட்டுப் புத்தகம் ஒரு தனி வியாபாரமாக இருந்தது. நாளிதழுக்கும் நாவலுக்கும் வரலாறு எழுதியவர்கள் உண்டு. இந்த நாலு பக்கத்தை அந்த வரிசையில் யாரும் அதிகம் சேர்த்ததில்லை.

1950களின் புத்தகம் ஒன்று எப்படி இருக்கும்? உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிது. அட்டை என்று தனியாக ஒன்று இருக்காது. முதல் பக்கமே அட்டை. ஒரே மையில், பெரும்பாலும் நீலத்திலோ சிவப்பிலோ, கதாநாயகன் கதாநாயகி படம். பிளாக் தேய்ந்திருந்தால் கதாநாயகிக்கு மூக்கு இருக்காது. அதற்கு மேல் வளைந்து நெளிந்த எழுத்தில் படத்தின் பெயர். ஓரத்தில் விலை: அணா ஒன்று, அல்லது இரண்டு. புரட்டினால் படக் கம்பெனியின் பெயர், டைரக்டர், வசனகர்த்தா, சங்கீதம், பிறகு இரண்டு பத்தியாக ‘நடிகர்கள்’, ‘நடிகைகள்’. யார் யாராக நடித்தார் என்ற பட்டியல் அது. அடுத்து கதைச் சுருக்கம். அதற்குப் பின் பாட்டுகள், வரிசை எண் போட்டு. கடைசிப் பக்கத்தில் சோப்பு விளம்பரமோ பொடி விளம்பரமோ, இல்லாவிட்டால் அதே கம்பெனியின் அடுத்த தயாரிப்பு பற்றிய அறிவிப்போ இருக்கும். நடுவில் ஒரே ஒரு பின். அதுகூட இல்லாமல் வெறுமனே மடித்துக் கொடுத்தவையும் உண்டு. வேர்த்த கையோடு பிடித்தால் கட்டைவிரலில் மை ஒட்டும்.

பாட்டுகளை அச்சிட்ட முறையில்தான் ஒவ்வொரு காலமும் தன் முகத்தைக் காட்டுகிறது. முப்பதுகளின் புத்தகங்களில் பாட்டுக்கு மேல் ராகமும் தாளமும் இருக்கும். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று பிரித்திருப்பார்கள். ஏற்கெனவே ஊரறிந்த ஒரு பாட்டின் மெட்டில் எழுதியதானால் ‘வர்ண மெட்டு’ என்று அந்தப் பழைய பாட்டின் பெயரைக் குறிப்பிடுவார்கள். யாருடைய பாட்டு என்பதற்கு நாரதர், கிருஷ்ணன், சந்திரமதி என்று பாத்திரத்தின் பெயரே போதும். நடித்தவரே பாடினார், எனவே பாடகருக்குத் தனியாக ஓர் இடம் தேவைப்படவில்லை. 1938இல் ஏவி. மெய்யப்பன் எடுத்த ‘நந்தகுமார்’ படத்தில் பின்னணிப் பாட்டு நுழைந்தது. அதற்கப்புறம் மெல்ல மெல்லப் பாத்திரப் பெயர் கீழே இறங்கி, பாடியவர் பெயர் மேலே ஏறியது. அறுபதுகளுக்கு வரும்போது ராகமும் தாளமும் காணாமல் போயிருந்தன. அந்த இடத்தில் நான்கு சொற்கள் வந்து உட்கார்ந்தன: ஆண், பெண், இருவர், குழு. தமிழ்நாட்டில் காதல் பாட்டைத் தாளில் படித்த எவருக்கும் இந்த நான்கும் மறக்காது.

இடத்தை மிச்சம் பிடிக்கும் கலையும் அதில் இருந்தது. சரணம் முடிந்ததும் பல்லவி மறுபடி வர வேண்டும். ஆனால் முழுப் பல்லவியை மறுபடி அச்சிட்டால் தாள் போதாது. எனவே முதல் சொல்லை மட்டும் அடைப்புக்குறிக்குள் போட்டு இரண்டு புள்ளி வைத்துவிடுவார்கள். படிக்கிறவர் தானாகவே மேலே போய்ப் பாடிவிட்டுக் கீழே வர வேண்டும். தொகையறா என்றால் தாளமில்லாமல் இழுத்துப் பாட வேண்டும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். சங்கீதம் படிக்காத லட்சக்கணக்கானவர்கள் சங்கீதக் குறியீடு ஒன்றைப் பழகிக்கொண்டது இப்படித்தான்.

இந்த வடிவத்தைச் சினிமாக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. சென்னையில் பேசும் படம் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னாலேயே குஜிலி கடைத்தெருவில் காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்கள் விற்றுக்கொண்டிருந்தன. எட்டுப் பக்கம், மலிவுத் தாள். ஊரை உலுக்கிய கொலை, புயல், வெள்ளம், ரயில் விபத்து, பஞ்சம், எது நடந்தாலும் சில நாளில் அதன் மேல் ஒரு சிந்து அச்சாகிவிடும். விற்கிறவரே சந்தையிலும் ரயில் நிலையத்திலும் நின்று பாதியைப் பாடிக் காட்டுவார். கூட்டம் சேர்ந்து கதை முற்றுகிற இடத்தில் பாட்டை நிறுத்திப் புத்தகத்தை நீட்டுவார். வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்ற நூலில் இந்த உலகத்தை விரிவாக எழுதியிருக்கிறார். படித்தவர்கள் முகம் சுளித்த எழுத்து அது. ஆனால் விற்பனையில் அதற்கு நிகர் இல்லை.

குஜிலிக்கு அடுத்தது நாடகக் கொட்டகை. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகம் என்பது பாதிக்கு மேல் பாட்டு. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் மேடையில் எதிரும் புதிருமாகப் பாடுவதைக் கேட்க ஜனம் வண்டி கட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பாட்டுகளும் சிறு புத்தகங்களாக வாசலில் விற்றன. 1920களிலும் முப்பதுகளிலும் நாடக மேடை தேசியப் பாட்டுக்கு மேடையானபோது சின்னப் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து அரசாங்கமே கவலைப்பட்டது. 1931 மார்ச்சில் பகத்சிங் தூக்கிலிடப்பட்ட பின் அவரைப் பற்றித் தமிழில் வந்த பாட்டுப் புத்தகங்கள் பலவற்றுக்குச் சென்னை மாகாண அரசு தடை விதித்தது. எட்டுப் பக்கத் தாளைப் போலீஸ் பறிமுதல் செய்ய வேண்டியிருந்தது என்றால் அது எத்தனை கைகளுக்குப் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அதே 1931இன் அக்டோபர் 31ஆம் தேதி, சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் ‘காளிதாஸ்’ திரையிடப்பட்டது. எச்.எம். ரெட்டி இயக்கிய படம், கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி. முதல் தமிழ்ப் பேசும் படம் என்று பெயர், ஆனால் அதில் தமிழும் தெலுங்கும் இந்தியும் கலந்து ஒலித்தன. பாட்டு எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். நாடகத்துக்கும் இசைத்தட்டுக்கும் தேசியப் பாட்டு எழுதி ஏற்கெனவே புகழ் பெற்றிருந்தவர். கதைக்குச் சற்றும் சம்பந்தமில்லாமல் காந்தியின் ராட்டினத்தைப் பற்றியும் அந்தப் படத்தில் ஒரு பாட்டு வந்தது. மேடையில் எப்படிப் பாடினார்களோ அப்படியே திரையிலும் பாடினார்கள். ஆகவே மேடைக்கு அச்சிட்டது போலவே திரைக்கும் புத்தகம் அச்சிடுவது அந்தக் காலத்தவருக்கு ஒரு புதுமையாகவே பட்டிருக்காது.

பாட்டுகளின் எண்ணிக்கையைக் கேட்டால் இன்று தலை சுற்றும். 1934இல் கே. சுப்பிரமணியம் எடுத்த ‘பவளக்கொடி’யில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் நடித்தார்கள். அதில் 50 பாட்டு. நாலு பக்கத்தில் அடங்குகிற சரக்கா அது? அந்தக் காலத்துப் புத்தகங்கள் உண்மையாகவே புத்தகம் போல் தடித்திருந்ததற்கு இதுதான் காரணம். சிலவற்றில் கதைச் சுருக்கம் ஆங்கிலத்திலும் இருந்தது. மொழி தெரியாத துரைமார்களும் டிக்கெட் வாங்கட்டும் என்ற கணக்கு.

பாட்டைக் குறைத்தது ரசிகனின் அலுப்பு என்பதை விட உலகப் போர் என்று சொல்லலாம். கச்சா பிலிம் தட்டுப்பாடு வந்ததும் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசாங்கம் கட்டுப்பாடு விதித்தது. அதுவரை மனம்போனபடி நீண்ட படங்கள் இரண்டு மணி நேரச் சொச்சத்துக்குள் சுருங்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டுப்பாட்டுக்குள் அடங்கி, 1944 தீபாவளிக்கு வந்ததுதான் ‘ஹரிதாஸ்’. சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளி கண்ட படம். இசை ஜி. ராமநாதன், பாட்டு பாபநாசம் சிவன். படம் வெளியாகி இரண்டு மூன்று மாதத்துக்குள், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். 1947இல்தான் வெளியே வந்தார். பாட்டுப் புத்தகத்தில் காதில் கடுக்கனோடு சிரித்துக்கொண்டிருந்தவர் உள்ளே கம்பி எண்ணிக்கொண்டிருந்தார். ஊர் முழுக்க அவர் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது.

யார் வாங்கினார்கள் என்ற கேள்வி சுவையானது. 1951 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். மீதி நாலு பேர் பாட்டுப் புத்தகத்தை ஏன் சீந்த வேண்டும்? படிக்கத் தெரிந்த ஒருவர் வாங்கினால் போதும், திண்ணையில் பத்துப் பேருக்கு அது போய்ச் சேரும் என்பதுதான் பதில். வயல்வேலைக்குப் போகும் பெண்கள் பள்ளிக்கூடத்துப் பையனை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் இதில் ஒரு வசதி: பாட்டு ஏற்கெனவே வாயில் இருக்கிறது. அடுத்து என்ன சொல் வரும் என்று தெரிந்துகொண்டே அந்தச் சொல்லைத் தாளில் தேடலாம். அரிச்சுவடி கொடுக்காத தைரியம் அது.

வாங்கியவர்களில் தொழில்காரர்களும் உண்டு. கல்யாண ஊர்வலத்தில் சினிமா மெட்டு வாசிக்கும் நாகஸ்வரக்காரர், திருவிழா மேடையேறும் மெல்லிசைக் குழுப் பாடகர், தெருக்கூத்தில் புது மெட்டைச் செருகும் வாத்தியார், ரயிலில் பாடிப் பிச்சையெடுக்கும் கண் தெரியாதவருக்குத் துணையாக வரும் சிறுவன், எல்லோருக்கும் அது கைமுதல். பாட்டுப் பைத்தியங்கள் அதோடு நிற்க மாட்டார்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அழகாகப் பிரதி எடுத்து, மேலே சிவப்பு மையில் படத்தின் பெயர் எழுதி, ஓரத்தில் கொடி வரைந்து வைப்பார்கள். பெட்டிக்கடையில் மாட்டியிருந்த புத்தகத்தை வாங்கக் காசில்லாமல், நின்றுகொண்டே ஒரு சரணத்தை மனப்பாடம் செய்துவிட்டு, மறுநாள் அடுத்த சரணத்துக்கு வந்தவர்களும் இருந்தார்கள்.

இந்த வியாபாரத்துக்கு உரம் போட்டது ரேடியோ. பி.வி. கேஸ்கர் 1952இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரானதும் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப்போனது. கேட்கிறவர்கள் முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பினார்கள். 1957இல் விவித பாரதி வந்த பிறகும் தென்கோடி மாவட்டங்களில் பலருக்கு இலங்கைதான். அங்கே அறிவிப்பாளர் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார். ஒரு கையில் புத்தகம், காதில் ரேடியோ என்று உட்கார்ந்தவர்களுக்கு அது ஒரு வகுப்பு. பி.எச். அப்துல் ஹமீத் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ இலங்கை வானொலியில் புகழ் பெற்றுப் பின்னாளில் தொலைக்காட்சிக்கும் வந்தது. கொடுத்த எழுத்தில் தொடங்கும் பல்லவியைத் தட்டுத்தடுமாறாமல் பாட வேண்டும். அந்தப் போட்டிக்குப் பாடப்புத்தகம் என்று ஒன்று இருந்திருந்தால் அது பாட்டுப் புத்தகம்தான்.

டீக்கடை வழக்குகளுக்கும் அதுதான் சாட்சி. எம்.ஜி.ஆர். படப் பாட்டு ஒன்றைக் காட்டி “இது கண்ணதாசன்” என்பார் ஒருவர். “யோவ், வாலிய்யா” என்பார் இன்னொருவர். வாலி எழுதியதைக் கண்ணதாசன் கணக்கில் வரவு வைப்பது தமிழ்நாட்டில் நெடுநாள் பழக்கம். திரையில் டைட்டில் கார்டைப் பார்த்தால், நாலு கவிஞர் பெயரையும் ஒன்றாகப் போட்டு முடித்திருப்பார்கள்; எந்தப் பாட்டு யாருடையது என்று அதில் தெரியாது. பாட்டுப் புத்தகத்திலோ, பல சமயம் பாட்டின் தலையிலேயே எழுதியவர் பெயர் இருக்கும். பந்தயம் தோற்றவர் டீக்குக் காசு கொடுப்பார். ஆராய்ச்சிக்காரர்களுக்கும் இதே சாட்சி வேண்டியிருந்தது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல், 29 வயதில் மறைந்தார். பல கம்பெனிப் படங்களில் சிதறிக் கிடந்த இப்படிப்பட்டவர்களின் எழுத்தை ஒன்று சேர்க்கிற வேலைக்கு, இசைத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கக் கிடைத்த அச்சுச் சான்று இதுதான்.

சாட்சி எப்போதும் நம்பகமானது என்றும் சொல்வதற்கில்லை. படக் கம்பெனி அனுமதியோடு வந்த புத்தகம் ஒன்று. அதைப் பார்த்து, அல்லது பாட்டைக் காதால் கேட்டு, ஏதோ ஒரு சந்து அச்சகம் போட்ட புத்தகம் இன்னொன்று. இரண்டாவது வகை பாதி விலைக்குக் கிடைக்கும். பஸ் ஸ்டாண்டிலும் சந்தையிலும் தேர்த் திருவிழாவிலும் கயிற்றில் மாட்டித் தொங்கும். ரோஸ், மஞ்சள், பச்சைத் தாளில், ஒற்றைத் தாளை நாலாக மடித்து வரும். லகர ளகர ழகரங்கள் அதில் இஷ்டப்படி இடம் மாறும். அச்சுக் கோப்பவர் காதில் எப்படி விழுந்ததோ அதுவே வரி. கவிஞர் எழுதாத உவமையெல்லாம் இப்படிச் சில பாட்டுகளில் பிறந்திருக்கிறது. அந்தத் தப்பான வரியையே சரியென்று நம்பி ஆயுள் முழுக்கப் பாடியவர்களும் இருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான வேடிக்கையும் நடந்தது. புத்தகத்தைப் படம் வெளியாகும் முன்பே அச்சுக்குக் கொடுத்துவிடுவார்கள். பிறகு நீளம் கருதியோ தணிக்கையிலோ ஒரு பாட்டு வெட்டுப்படும். புத்தகத்தில் வெட்ட முடியாது. அது ஏற்கெனவே கட்டுக்கட்டாக ஊர்களுக்குப் போயிருக்கும். படம் பார்த்தவர் வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தால் புத்தகத்தில் ஒரு பாட்டு கூடுதலாக இருக்கும். ஆபரேட்டர் வெட்டிவிட்டான் என்று கொட்டகைக்காரரோடு சண்டைக்குப் போவார்.

பாட்டு இல்லாத படம் வந்தால் இந்த வியாபாரம் என்ன ஆகும்? 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ அப்படி வந்தது. பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. விமரிசகர்கள் கொண்டாடினார்கள், இடைவேளையில் வரிசை வரிசையாக நடக்கும் பையனுக்கு மட்டும் அந்தப் படத்தில் வரும்படி கிடையாது. அதற்கு ஈடு செய்வது போல் இன்னொரு பக்கத்தில் வசனத்துக்கு மவுசு ஏறிக்கொண்டிருந்தது. 1952இல் ‘பராசக்தி’ வந்ததும் மு. கருணாநிதியின் வசனம் தனிப் புத்தகமாக விற்றது. நீதிமன்றக் காட்சியை ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக் காட்டாத கல்லூரி மாணவன் அன்றைக்குக் குறைவு. பாட்டுப் புத்தகம் பாடகர்களைத் தயார் செய்தது என்றால், வசனப் புத்தகம் மேடைப் பேச்சாளர்களைத் தயார் செய்தது.

ஆனால் வாங்கிய எல்லோரும் முதலில் புரட்டியது பாட்டை இல்லை, கதைச் சுருக்கத்தை. ஒரு பக்கத்துக்குள் அடங்கும் அந்த உரைநடைக்குத் தனி இலக்கணமே உண்டு. தொடக்கம் நிதானமாக இருக்கும்: ஜமீன்தாரின் ஒரே மகன், ஏழை ஆசிரியரின் மூத்த மகள், பட்டணத்துக் கல்லூரி. இரண்டாம் பத்தியில் காதல். மூன்றாம் பத்தியில் வில்லன் நுழைவான்; வாக்கியங்கள் குட்டையாகும். அதற்கப்புறம் கேள்விகள் மட்டுமே. அவள் கதி என்ன? உண்மைக் கொலைகாரன் யார்? பிரிந்த குடும்பம் சேர்ந்ததா? கடைசி வரி எந்தப் படமானாலும் ஒன்றுதான்: “மீதியை வெள்ளித்திரையில் காண்க.” சந்தையில் கதை முற்றும் இடத்தில் பாட்டை நிறுத்திப் புத்தகத்தை நீட்டிய அதே குஜிலித் தந்திரம், திசை மட்டும் மாறி வந்திருக்கிறது. அங்கே பாட்டைக் காட்டிப் புத்தகத்தை விற்றார்கள். இங்கே புத்தகத்தைக் காட்டி டிக்கெட்டை விற்றார்கள்.

புராணப் படம் ஓடிய நாளில் இந்தத் தந்திரத்துக்கு அவசியமே இல்லை. அரிச்சந்திரன் சுடுகாட்டில் என்ன ஆனான் என்று எந்தக் குழந்தைக்கும் தெரியும். சுருக்கத்தில் முழுக் கதையையும் மங்களம் வரை சொல்லி முடித்துவிடுவார்கள், யாருக்கும் நஷ்டமில்லை. சமூகப் படங்கள் பெருகப் பெருகத்தான் முடிவை மறைக்க வேண்டி வந்தது. ஆகவே எந்த ஆண்டிலிருந்து கேள்விக்குறிகள் கூடுகின்றன என்று எண்ணினாலே தமிழ் சினிமா கோயில் மண்டபத்திலிருந்து கூடத்துக்கு இறங்கிய கதை கிடைத்துவிடும்.

விலையும் நாணயமும் மாறிக்கொண்டே வந்தன. 1957 ஏப்ரலில் அணாக் கணக்கு போய் நயா பைசா வந்தது. ஓரணாப் புத்தகம் பத்துப் பைசாவானது, கால் ரூபாயானது, எழுபதுகளில் அதையும் தாண்டியது. எழுபதுகளின் இறுதியில் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களின் பெட்டியில் டேப் ரிக்கார்டர் வந்து இறங்கியதும்தான் உண்மையான அடி விழுந்தது. பிடித்த பாட்டைப் பிடித்த நேரத்தில் கேட்க முடிந்தது. வரி புரியாவிட்டால் ரீவைண்ட் செய்துகொள்ளலாம். கேசட் உறைக்குள் மடித்து வைத்த தாளில் சிலவற்றுக்குப் பாட்டு வரிகளும் கிடைத்தன. தனிப் படத்துக்குத் தனிப் புத்தகம் என்பது குறைந்தது. அதற்குப் பதில் நடிகர் பெயரிலும் பாடகர் பெயரிலும் கவிஞர் பெயரிலும் தடித் தொகுப்புகள் வந்தன: எம்.ஜி.ஆர். தத்துவப் பாடல்கள், டி.எம்.எஸ். பாடிய பாடல்கள், சோகப் பாடல்கள். பஸ்ஸில் ஏறி ஒவ்வொரு மடியிலும் ஒரு புத்தகத்தை வைத்துவிட்டுத் திரும்பி வந்து காசோ புத்தகமோ வாங்கிக்கொண்டு இறங்கும் வியாபாரிகள் தொண்ணூறுகள் வரை இவற்றை விற்றார்கள்.

இப்போது அந்த வேலையை லிரிக் வீடியோ செய்கிறது. படம் வருவதற்கு வாரக்கணக்கில் முன்னால் பாட்டு வருகிறது, வரிகள் திரையில் எழுந்து மறைகின்றன. பெரும்பாலும் தமிழ் வரிகள், ரோமன் எழுத்தில். ஆண், பெண், இருவர், குழு என்ற நாலு சொல்லும் அதில் இல்லை.

பழைய புத்தகங்களில் மிஞ்சியவை கொஞ்சம்தான். பத்துப் பைசாவுக்கு வாங்கியதை யார் பத்திரப்படுத்துவார்கள்? பலகாரம் மடித்தார்கள், அடுப்புப் பற்ற வைத்தார்கள், பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டார்கள். அப்படி எடைக்குப் போனவற்றில் ஒரு பங்கு சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளுக்கு வந்து சேர்ந்து, சேகரிப்பவர்களுக்காகக் காத்திருந்தது. 1985இல் மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தபோது எத்தனை போயினவோ, கணக்கு இல்லை. தப்பியவற்றுக்குச் சிலரின் பித்துதான் காரணம். காரைக்குடியில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த கோட்டையூர் ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று அச்சான எதையும் விடாமல் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியில் 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. பத்திரிகைத் தொடர்பாளராகத் திரையுலகில் வாழ்ந்த ‘ஃபிலிம் நியூஸ்’ ஆனந்தன், ஒரு படம் விடாமல் தகவல் சேர்த்தார். அவர் திரட்டியவற்றைத் தமிழ்நாடு அரசு பெற்றுக்கொண்டது. புனேயில் 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் படச்சுருளோடு இந்தத் தாள்களையும் சேர்த்து வைத்தது.

படச்சுருளுக்கு நேர்ந்தது இதைவிட மோசம். அன்றைய நைட்ரேட் பிலிம் தானாகவே நமுத்துப் போகும், தீப்பொறி பட்டால் வெடித்து எரியும். எஞ்சியதை வெள்ளிக்காக உருக்கினார்கள். 1930களில் வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்று பிரதி இல்லை. ‘காளிதாஸ்’ பிரதியும் இல்லை, அதன் பாட்டுப் புத்தகமும் கிடைத்ததாகத் தெரியவில்லை. முதல் தமிழ்ப் பேசும் படத்தைப் பற்றி அன்றைய பத்திரிகைச் செய்தியையும் விளம்பரத்தையும் நம்பித்தான் எழுத வேண்டியிருக்கிறது. மற்றப் பல படங்களுக்குப் புத்தகம் மட்டும் தங்கியிருக்கிறது. யார் நடித்தார்கள், யார் பாடினார்கள், எந்த ராகம், என்ன கதை என்பதெல்லாம் அதிலிருந்து தெரிகிறது. புராணக் கதையானால் முடிவு வரை தெரிந்துவிடுகிறது.

சமூகக் கதையானால்தான் சிக்கல். ஆராய்ச்சி மாணவர் மஞ்சளேறிய தாளை உடையாமல் புரட்டி, ஜமீன்தார் மகனையும் ஆசிரியர் மகளையும் மூன்றாம் பத்தி வரை பின்தொடர்ந்து வருகிறார். வில்லன் வந்துவிட்டான். கொலையும் விழுந்துவிட்டது. யார் செய்தது? அடுத்த வரி, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்கிறது.